ரோட்டைப் பார்த்த கட்டடம்

இன்று காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்ததும் நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாசனை அடித்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பல் துலக்கியதும் துலக்காததுமாக லிஃப்டில் இறங்கி, பழைய மில் கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி நிரம்பிச் சுவரோரம் வழிந்திருந்தது, வேறொன்றுமில்லை. மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன் என்று காவலாளி சொன்னார். நான் சரி என்று திரும்பிவிட்டேன். நீயாக இருந்தால் அவர் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றிருப்பாய்.

மில்லை மூடிய பிறகும் நாம், தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய அதன் லைன் வீடுகளிலேயே இருந்தோம். உன் அப்பாவும் என் அப்பாவும் அங்கே வேலை பார்த்தவர்கள். நமக்கு மில் வேலை கிடைக்கவில்லை. நீ சிங்காநல்லூரிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் ஆனாய். நான் மில்லுக்குப் பின்னாலேயே ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து லேத் போட்டேன். மழைக்கு ஒழுகும் ஓடு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், பெண் பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிற சந்து. அந்த வீடுகளை விட்டுப் போவதில் நம்மில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை.

மில் நிலத்தை ஒரு கட்டுமானக் கம்பெனி வாங்கியது. மொத்தத்தையும் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போவதாகவும், லைன்காரர்களுக்கு அதில் ஆளுக்கொரு வீடு என்றும் சொன்னார்கள். சனங்கள் பட்டாசு வெடித்தார்கள். அடுத்த மாதமே, ரோட்டோரம் நிற்கும் மில்லின் பழைய செங்கல் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியை ஒருவர் கோர்ட்டுக்குப் போனார்.

கம்பெனி மேனேஜர் லைனுக்கு வந்து, குழாயடியில் நின்று கையைக் கூப்பியது நினைவிருக்கிறதா? "நாங்க நாளைக்கே வேலைய ஆரம்பிச்சுப்போடுவோமுங்க. அந்தம்மா கேஸப் போட்டு நிறுத்திப்போட்டாங்க. எங்களால என்னங்க பண்ண முடியும்?" என்றார். கூட்டம் அந்த அம்மாவைத் திட்டத் தொடங்கியது. நீ மட்டும் மேனேஜரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், கம்பெனி வைத்திருந்த பெரிய விளம்பரப் பலகைக்கு முன்னால் நிறுத்தினாய்.

"நம்ம ஊடு எங்கடா வருது?"

"பின்னால. பஞ்சு குடோன் இருக்கற எடத்துல."

"கட்டடம்?"

"ரோட்டுமேல."

"அப்பறம் அது நின்னா நம்ம ஊட்டுக்கு என்னடா கேடு? குடோனை இடிச்சுப்போட்டு நாளைக்கே கட்டலாமே? ரோட்டைப் பாத்த ஊட்டைத்தான் நல்ல வெலைக்கு விக்க முடியும். அதுக்கு நம்மளக் கூவ வைக்கறாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் நீ அதோடு விடவில்லை. மேனேஜர் பொய் சொல்கிறார் என்பதற்காக அந்த அம்மா உண்மை சொல்கிறார் என்று ஆகிவிடுமா என்று கேட்டாய். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்தார். நீ டம்ளரைத் தொடவே இல்லை.

"ஏனுங்கம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்தக் கட்டடம் நின்னா உங்களுக்கு என்னங்க கெடைக்குது?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. காலேஜுக்குப் போறப்ப பஸ்ஸுல இருந்து தெனமும் பாப்பேன். அந்த வரிசை ஜன்னல், அந்த வளைவு எல்லாம். ஊருல எல்லாத்தையும் இடிச்சுப்போட்டா, இது எந்த ஊருன்னு எப்படிங்க தெரியும்?"

"எங்க ஊடு?"

"உங்களுக்கு ஊடு வேண்டாம்னு நான் எங்கயும் சொல்லலீங்க."

திரும்பி வரும்போது நீ சொன்னாய்: "ஒண்ணும் வேண்டாங்கறாங்க பாரு, அங்கதாண்டா இடிக்குது. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கறேன், டிக்கெட் வேண்டாங்கறவனைத்தான் நான் கடைசி வரைக்கும் பாத்துட்டே இருப்பேன்." அந்த அம்மாவுக்குச் சொந்தத்தில் யாராவது ஹோட்டல் கட்டப்போகிறார்களா என்றுகூட விசாரித்தாய். ஒன்றும் அகப்படவில்லை. அது உன் சந்தேகத்தை அதிகமாக்கியதே தவிரக் குறைக்கவில்லை.

பங்குனி வெயிலில் தண்ணீர் லாரியை முதலில் பார்த்ததும் நீதான். காலையில் பஸ்ஸில் முதல் நடை போகும்போதும் கட்டடத்தின் பின்னால் நிற்கிறது, மத்தியானம் திரும்பும்போதும் நிற்கிறது என்றாய். கேட்டால், செடிக்குத் தண்ணீர் என்றார்களாம். லீவு போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனாய். அங்கே ஒரு செடியும் இல்லை. சுவரின் அடியோடு ஒட்டி ரப்பர் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மண் கொழகொழவென்று கிடந்தது. சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. மூலை ஓடுகளை யாரோ முன்கூட்டியே எடுத்து அடுக்கி வைத்திருந்தார்கள்.

"செவுத்துக்குத் தண்ணி உட்டா செவுரு வளருமாடா?" என்றாய். சிரிக்கவில்லை. "போன்ல புடிச்சு வெச்சுக்க." எல்லாவற்றையும் படம் எடுத்தேன்.

சில நாட்களில் பட்டப்பகலில் அந்த மூலை சரிந்தது. என் லேத் சத்தத்தையும் மீறிக் கேட்டது. யாருக்கும் அடிபடவில்லை. மேனேஜர் உடனே ஆட்களோடு வந்துவிட்டார். பழைய கட்டடம், உயிருக்கு ஆபத்து, இனியும் விட்டு வைக்கலாமா என்று அதிகாரிக்கு மனுப் போனது. லைன் சனங்களும் சேர்ந்து போட்டார்கள்.

அதிகாரி விசாரிக்க வந்த அன்று அந்தப் படங்களை நீட்டினாய். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதை எடுத்தது யாருங்க?" என்று கேட்டார். நான் எழுந்திருக்கப் போனேன். என் தோளைப் பிடித்து அழுத்திவிட்டு, "நாந்தானுங்க. இவன்கிட்ட போனை வாங்கி எடுத்தேனுங்க" என்றாய். என் கொட்டகை கம்பெனியின் நிலத்தில் இருந்தது. ஒரு வார்த்தை போதும், லேத்தைத் தூக்கி ரோட்டில் வைத்துவிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். உன் வாழ்க்கையில் நீ சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது.

அதற்குப் பிறகு லைனில் உன்னை நடத்திய விதம் எனக்கு இன்றும் ஆறவில்லை. "அந்தம்மாகிட்ட எவ்வளவுடா வாங்குன?" என்று உன் சித்தப்பா மகனே கேட்டான். குழாயடியில் உன் மனைவி குடத்தோடு வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உன் மகள் பெரியவளானதற்குச் செய்த சீருக்கு லைனிலிருந்து மூன்று வீட்டுக்காரர்கள்தான் வந்தோம். எல்லோரையும் சந்தேகப்பட்ட உன்னை எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். ஒருநாள் டீக்கடையில் வைத்து, உனக்கு வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். "கேக்கட்டும்டா. கேக்கோணும். ஆனா அந்த மேனேஜரையும் அதே மாதிரி ஒரு தடவ கேக்கச் சொல்லு" என்றாய். சொல்லும்போது உன் கண் என்னைப் பார்க்கவில்லை.

கோர்ட்டில் கேஸ் முடிய ரொம்ப நாளாயிற்று. கட்டடம் நிற்க வேண்டும், சரிந்த மூலையைக் கம்பெனியே கட்டித்தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. குடோனை இடித்து லைன்காரர்களுக்கு முதலில் வீடு, அதற்குப் பிறகுதான் விற்பனைக்கு வீடு என்றும் அதிலேயே எழுத வைத்தார்கள். அதைக் கேட்டது யார்? அந்த அம்மாவின் வக்கீல். நீ அதையும் நம்பவில்லை. "நம்மளக் கேக்காம நமக்காக எதுக்குக் கேக்கறாங்க?" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் புலம்பிக்கொண்டு வந்தாய்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, அடுப்பைப் பற்ற வைக்கவிடாமல் சுவரெல்லாம் தட்டிப் பார்த்தாய். எல்லாக் குழாயையும் திறந்து மூடினாய். உன் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் ஒரு மழைக்காலம்தான் இருந்தாய். நெஞ்சு வலி என்றதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டரிடமும், "எதுக்குங்க இத்தன டெஸ்ட்டு?" என்று கேட்டாய். நீ பேசி நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

கட்டடம் நிற்கிறது. போன மாதம் அதற்குக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். உள்ளே என்ன வரப்போகிறது என்று கேட்டால் ஒருவர் நூலகம் என்கிறார், இன்னொருவர் துணிக்கடை என்கிறார். குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் இதை இரண்டு முறை எழுந்து கேட்டுவிட்டேன். உன்னைப் போலவே ஆகிவிட்டேன் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

உன் சாவுக்கு அந்த அம்மா வந்திருந்தார். ஓரமாக நின்றுவிட்டுப் போனார். போன ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். காபி வந்தது. கட்டடத்தைப் பற்றியோ கண்ணாடிக் கதவைப் பற்றியோ எதுவும் பேசவில்லை. உன்னைப் பற்றியேதான் கேட்டார். எந்த ரூட், எந்த பஸ், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்றெல்லாம். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "அவரு என்னைய நம்புனாருங்களா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லலாம்தான். வாய் வரவில்லை. "கடைசி வரைக்கும் இல்லீங்கம்மா" என்றேன்.

சிரித்தார். கண் நிறைந்துவிட்டது. "அடிக்கடி வந்துட்டுப் போங்க" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதற்காக என்னைக் கூப்பிட்டார்? இதில் அவருக்கு என்ன இருக்கிறது? வழியெல்லாம் திருப்பித் திருப்பி யோசித்தேன். ஒன்றும் இல்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் வந்தது. சிங்காநல்லூரில் இறங்கி நடக்கும்போதும் யோசித்துக்கொண்டேதான் வந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் போகலாம் என்றிருக்கிறேன், என்னதான் என்று பார்த்துவிட்டு வர.