படத்தில் அக்கா தனியாகப் போகிறார்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். எலக்ட்ரீஷியன் மகள் நாளை அங்கே கிளம்புகிறாள், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வேலைக்கு ஓடும் அவசரத்தில் மேலோட்டமாகப் பார்க்காமல் உட்கார்ந்து முழுசாகப் படி. வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை, குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, ஊர்க் குழாயெல்லாம் சரிபார்க்கும் உன் அப்பாவுக்கு அதற்கு மட்டும் நேரமில்லை. சித்தி முட்டிவலி என்று மாடி ஏறுவதில்லை, கீழே நின்றே என்னைத் திட்டிவிட்டுப் போகிறாள்.

நீ போனில் அழுதுகொண்டே புகழ்ந்தாயே, எங்கள் தையல் கம்பெனியில் சங்கம் கட்டிய அக்காவைப் பற்றிய படம், அதைப் பழைய ஆட்கள் எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டோம். அக்காவாக நடித்த பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள், ஆனால் நாள் முழுக்க மிஷின் மிதித்தவள் தலையில் ஒரு நூல் துண்டுகூட ஒட்டவில்லை. எதற்கெடுத்தாலும் மேசை மேல் ஏறி முழங்குகிறாள். நிஜ அக்காவுக்கு நாலு பேர் முன்னால் நின்று பேசவே வராது. வீடு வீடாக வந்து அடுப்படியில் உட்கார்ந்து, கையில் கிடைத்த வெங்காயத்தை உரித்துக்கொண்டே நம்மைப் பேசவிட்டுக் கேட்பார், அப்படித்தான் சங்கம் வளர்ந்தது. என்னோடு சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்தவள் இடைவேளையில், நம்ம அக்காவைப் பாக்கத்தான் வந்தேன், இன்னும் வரவே இல்லையே என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நீ மெய்சிலிர்த்துப் போனதாகச் சொன்ன அந்தக் காட்சி, அக்கா தன்னந்தனியாக மேனேஜர் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்த அவன் வெலவெலத்துப் போகிறானே, அதற்குத் தியேட்டரே கைதட்டியது, உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. அக்கா ஒருநாளும் அந்த அறைக்குள் தனியாகப் போனதில்லை. நாலைந்து பேராகத்தான் போவார்கள், அதில் வாயே திறக்காத ஒருத்தி கட்டாயம் இருப்பாள், நீ பேச வேணாம், காதை மட்டும் கொண்டு வா என்று சொல்லிக் கூட்டிப் போவார். தனியாகப் போனது உன் அப்பாதான். நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். விரலில் ஊசி ஏறிய ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் உட்காரவைத்திருந்தார்கள். மெக்கானிக்காக இருந்த அப்பா, அக்கா வரும்வரை பொறுக்காமல், கையில் இருந்த ஸ்பானரோடு உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். அவர் கேட்டது ஒரு வண்டி. மேனேஜர் வெளியே வந்து சொன்னது, என்னை அடிக்க வந்தான் என்று. இல்லை என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. வேலை போயிற்று, வேறெந்தக் கம்பெனியும் வாசல்படி மிதிக்கவிடவில்லை. அக்கா எவ்வளவோ முட்டி மோதிப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் வந்து அழுதார், உள்ள ஒரு காது இருந்திருந்தா உன்ன விட்டிருப்பேனாப்பா என்று.

இப்போது நீ, உங்கள் சலவைக்கூடத்தில் சூடு தாங்காமல் மயங்கி விழுந்த பெண்ணுக்காக சூப்பர்வைசரைத் தனியாகப் பார்க்கப் போகிறேன், படத்துல வர்ற மாதிரி நறுக்குன்னு கேட்டுடறேம்மா என்கிறாய். கேட்டதிலிருந்து எனக்குக் கண்ணை மூடினால் அந்தக் கதவுதான் தெரிகிறது. வேண்டாம் என்றால் பயந்தாங்கொள்ளி அம்மா என்று சிரிக்கிறாய். போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் இந்தக் கதையை எப்படிச் சொல்வேன். கேட்காதே என்று நான் சொல்லவில்லை, கேட்காமல் இருக்க நீ யார் பெற்ற பிள்ளை. தனியாகப் போகாதே, அவ்வளவுதான். உன்னோடு துணி மடிக்கிறவர்களைக் கேட்டுப் பார், வர மாட்டோம் என்றால் அவர்கள் வீட்டுக்குப் போய் வெங்காயம் உரி. ஆள் சேர நாளானாலும் ஆகட்டும். கதவைச் சாத்து என்று அவன் சொன்னால் எழுந்து வந்துவிடு.

மறைத்து அனுப்ப மனம் வராமல் இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று பயந்தேன். படித்து முடித்ததும், அது சின்ன ஸ்பானர்னு எழுது, அதுல ஒரு ஈயைக்கூட அடிக்க முடியாது என்றார். பிறகு பேனாவைக் கொண்டா என்றார்.

நீ கேட்கப் போவது கிடைக்கட்டும், உன்னோடு நிற்கிறவர்களும் நன்றாக இருக்கட்டும். சூட்டில் நிற்கிறாய், தண்ணீர் குடிக்க மறக்காதே. போகிற அன்று யார் யார் கூட வருகிறார்கள் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போ.

உன் அம்மா

கூட நானும்,
அப்பா