கார்னிவால் பெட்டியில் பதினொரு பெண்கள்

மாமி,

என் விரல்களில் இன்னும் வினாகிரியின் புளிப்பு மணக்கிறது. இரண்டு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. பழைய பிலிம் கெட்டுப்போகத் தொடங்கினால் இப்படித்தான் மணக்குமாம். பொலிதேயாமா சதுக்கத்தில் நீங்கள் காலையில் தரை துடைக்கப் போன போட்டோ ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். அங்கிருந்த நெகட்டிவ் எல்லாவற்றையும் ஓர் அருங்காட்சியகம் பொறுப்பேற்றிருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வேலைப் பயிற்சிக்கு அனுப்பியபோது, அங்கேதான் போவேன் என்று கேட்டு வாங்கினேன். கையுறை போட மறந்ததற்கு இன்று ஏச்சும் வாங்கினேன்.

ஒவ்வொரு நெகட்டிவையும் வெளிச்சப் பலகையில் வைத்துப் பார்த்து, புதிய கடதாசி உறையில் போட்டு, எண் எழுதுவது என் வேலை. போன வாரம் 'கார்னிவால் உடைகள்' என்று எழுதிய, திருவிழாவுக்கு வேஷம் போட்டவர்களின் பெட்டி என் மேசைக்கு வந்தது. கடற்கொள்ளைக்காரன் ஒருவன், இளவரசி ஒருத்தி, சிறகு கட்டிய குழந்தை ஒன்று. அதற்கு அடுத்தது அம்மா.

இருபத்திரண்டு வயது அம்மா. நெகட்டிவில் தலைமயிர் வெள்ளையாகவும் பற்கள் கறுப்பாகவும் இருந்தாலும், ஒரு தோளைச் சரித்து நிற்கும் அந்த நிற்பு எனக்குத் தெரியாதா? அடுத்தடுத்த நெகட்டிவ்களில், ஒவ்வொருவராக, இன்னும் பத்துப் பெண்கள். பதினொரு பேரும் உடுத்திருந்தது ஒரே சேலை. மயில்கரை போட்ட உங்கள் கூறைச்சேலை.

அதை ஒருநாள் கபோவில் உங்கள் வீட்டு பால்கனியில் காற்றாட விட்டு மடித்தோம். ஒரு நுனியை நீங்கள் பிடித்தீர்கள், மறு நுனியை நான். தோள்பக்கம் முழுக்க ஊசித் துளைகள்.

"மாமி, எலி கடிச்சதோ?"

"ஓமடி, ரெண்டு கால் எலியள். வியாழக்கிழமையிலைதான் வாறதுகள்."

வீட்டு வேலைக்கு நிற்பவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. ஊரைவிட்டு இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த பெண்களிடம் வேலை உடுப்பைத் தவிர நல்லதொன்றும் இருக்காது. நீங்கள் அவர்களுக்குச் சேலை உடுத்திவிட்டு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போவீர்கள். சுகமாக இருக்கிறேன் என்று ஊருக்கு அனுப்ப ஒரு படம்.

"கூறையை இரவல் குடுக்கக்கூடாது எண்டு சொல்லுவினமே, மாமி?"

"சொல்லுறவையைக் கூட்டிக்கொண்டு வா. அவைக்கும் உடுத்திவிடுறன்."

அருங்காட்சியகத்தில் எங்களுக்குப் பொறுப்பான அம்மையாரை எல்லோரும் சினியோரா என்பார்கள்; கெட்டவர் இல்லை. ஒரே உடையில் பதினொரு பேரைக் கண்டதும், அது ஸ்டூடியோவின் வாடகை வேஷம் என்று நினைத்துவிட்டார். ஆட்களின் உருவப்படங்களை இந்த மாதமே ஸ்கேன் செய்து குளிர் அறையில் வைக்கிறார்கள். வேஷப் பெட்டிகளின் முறை கடைசியில்தான். அதுவரை இந்த பிலிம் தாங்காது, சுருண்டு முகங்கள் உரிந்துவிடும் என்று அவரே சொன்னார். பெட்டி மாற வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் பெயர் வேண்டும். அந்தச் சேலை எப்படி வந்தது என்றும் எழுத வேண்டும்.

"எனக்கு எல்லோரையும் தெரியும்" என்றேன். பென்சிலைத் தந்தார். அம்மாவின் பெயரில் முதல் எழுத்தை எழுதியதும் கை நின்றுவிட்டது. வீட்டுக்குப் போய், எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். "ஆரைக் கேட்டு அந்தப் பெட்டியைத் திறந்தனீ?"

"அதுதானம்மா அங்கை எனக்குத் தந்த வேலை."

"முதல் சம்பளத்திலை வாங்கின சீலை எண்டு என்ரை அம்மாவுக்கு எழுதினனான். சாகுமட்டும் அவ அந்தப் படத்தை வாற போற ஆக்களுக்கெல்லாம் காட்டினவ."

உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டார். பிறகு, "மாமி ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. என்ரை பேரை எழுது. இரவல் சீலை எண்டும் எழுது. மற்றவையின்ரை பேரை அவையிட்டைக் கேட்டு எழுது" என்றார்.

கேட்டேன். ஆறு பேர் ஓம் என்றார்கள். ஒரு அன்ரி, "அப்ப நான் எவ்வளவு மெலிவு, அதையும் எழுதுவியோ?" என்று சிரித்தார். மூன்று பேர் மழுப்பினார்கள். ஒருவர் மட்டும், "கார்னிவால் பெட்டிக்கையே கிடக்கட்டும்! என்ரை மருமகளுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாள்?" என்று போனை வைத்துவிட்டார்.

இன்று ஏழு உறைகள் உருவப்படப் பெட்டிக்குப் போயின. எண்களை நானே எழுதினேன். அட்டையில் 'தோழி ஒருவரின் திருமணச் சேலை' என்று போட்டோம். "மற்ற நான்கு பேரையும் தெரியும் என்றாயே, எழுதிவிடு. பிறகு உனக்கு நன்றி சொல்வார்கள்" என்றார் சினியோரா. என்னால் முடியவில்லை, மாமி. உங்கள் கையால் கொசுவம் பிடித்துவிட்ட பெண்களில் ஒருத்தியின் பெயரைக்கூட நீங்கள் வெளியே சொன்னதில்லை. நீங்கள் சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்? மாத முடிவு வரை தவணை கேட்டேன். தந்திருக்கிறார்.

அந்த நான்கு பெயர்களும் இப்போது என்னிடமே இருக்கின்றன. மறுத்தவர்கள் யார் என்று அம்மாவுக்கும் சொல்லவில்லை. சனிக்கிழமை பிரான்காச்சோவுக்கு பஸ் ஏறுகிறேன். போனை வைத்தவரின் வீடு அங்கே. அவர் சம்மதிக்காமல் ஓர் எழுத்தும் எழுத மாட்டேன். ஆனால் வெளிச்சப் பலகையில் அவர் எவ்வளவு அழகாக நிற்கிறார் என்பதை நேரில் சொல்லாமல் திரும்பவும் மாட்டேன். கதவைத் திறக்காவிட்டால் படியில் குந்தியிருந்து புத்தகம் வாசிப்பேன்.

தடித்த புத்தகமாகவே கொண்டுபோகிறேன்.