கண் வைத்த குதிரைகள்

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவுக்கு எப்படி என்று போனில் கேட்கிறாய். பக்கத்தில் அவரை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? அதனால்தான் கடிதம். கம்பளையில் மழை விடவில்லை.

வாப்பா இன்னும் அந்தப் புத்தகத்தோடுதான். முந்நூறு வருடத்துக்கு முன் பிரபுக்களின் குதிரைகளை வரைந்த ஆங்கிலேயரின் வாழ்க்கை. இப்போது முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்ப எழுதுகிறார். பாவம், அந்த மனிதர் நான்கு தடவை பிறந்துவிட்டார்.

அந்தப் புத்தகத்துக்காக வாப்பா வரைந்த ஒரு குதிரைக்கும் கண் இல்லை. மார்க்கத்தில் உயிருள்ளதை முழுதாக வரையக்கூடாது என்று அந்த இடத்தை வெறுமையாக விடுவார். போன மாதம் எல்லாவற்றுக்கும் கண் வைத்துவிட்டார். கேட்டதற்கு, "குருட்டுக் குதிரய யாரு வரஞ்ச?" என்று ஏசினார்.

கண்டியில் டொக்டரிடம் காட்டினேன். மருந்து தந்தார். அவரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லி வரைந்தார். கல்யாணம் முடித்து நாற்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை. வெட்கத்தோடு முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். படத்தில் நாடியிலுள்ள தழும்புகூட இருந்தது. கண் மட்டும் இல்லை.

பழைய மனிதர் திரும்பிவிட்டார் என்று நினைத்து, "அல்ஹம்துலில்லாஹ், கண்ண விட்டுட்டீங்க" என்றேன்.

விருந்தாளியிடம் பேசுவதுபோல் சொன்னார்: "கொற நெனைக்க வாணாம். பாத்துட்டுக் குனிஞ்சா ஒங்கட கண் மறந்து போகுது."

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு ஞாபகம் இருந்தால் கண்ணை வரைந்து அனுப்பு.

துஆவுடன்,
உன் உம்மா