நீங்கள் விட்டுக்கொடுக்காத ஆட்டம்

அத்தை,

இன்று காலை கூட்டும்போது டிவி மேசைக்குப் பின்னால் உங்கள் வீடியோ கேம் கன்ட்ரோலர் கிடைத்தது. தூசு தட்டி முகர்ந்து பார்த்தேன். நீலகிரித் தைலம். ஆட உட்காரும் முன் விரல் கணுக்களில் தேய்த்துக்கொள்வீர்களே, அதே நெடி. ஒரு வருஷம் ஆகியும் பொத்தான் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது.

கேம் பெட்டி போய்விட்டது. உங்கள் வருஷத் திதிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று நேற்று காலையிலேயே வந்த உங்கள் மகள், பழைய ஒயர்களோடு சேர்த்து அதையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் வண்டி தெருமுனை தாண்டிவிட்டது. ஏன் அண்ணி என்று கேட்டேன். "இன்னாத்துக்கு அது? வெளையாட வூட்ல கொழந்தயா கீது?" என்றார். அந்த வார்த்தை எங்கே குத்தும் என்று தெரிந்துதான் சொன்னார். நீங்கள் இருந்திருந்தால் அவரை நடு வாசலில் நிறுத்தி ஏசியிருப்பீர்கள். எனக்காக அல்ல, பெட்டிக்காக.

உங்கள் மகன் அதைப் பெங்களூரில் யாரிடமோ பழசாக வாங்கி வந்தார். இருட்டில் வேலைக்கு ரயிலேறி இருட்டிய பிறகு திரும்புகிறவருக்கு ஆட நேரம் ஏது? சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில், இரண்டே அறையில், பகல் முழுக்க நீங்களும் நானும்தான். நமக்குள் பேச்சென்றால் உப்பு, தண்ணீர், கேஸ். ஒரு மத்தியானம் நான் தனியாக ஆடிக்கொண்டிருந்தேன். அரிசியில் கல் பொறுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்தப் பச்சைய இன்னாத்துக்கு அங்க போட்ட?" என்றீர்கள். சமையலைப் பற்றி இல்லாமல் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. மேலிருந்து வண்ண உருண்டைகள் ஜோடி ஜோடியாக இறங்கும். ஒரே நிறத்தில் நாலு ஒட்டினால் வெடித்து மறையும். அப்படி மறைந்து, மேலே உள்ளவை சரிந்து அடுத்த நாலு வெடித்தால், எதிராளியின் தலையில் சாம்பல் நிறக் கல் கொட்டும். புதிதாக ஆடுகிற எல்லோரையும் போல நீங்களும் நாலு சேர்ந்த உடனே வெடித்துத் தீர்த்தீர்கள்.

"அவசரப்படாதீங்க அத்த. ஓரமா அடுக்கிகினே வாங்க. ஒண்ணு வெடிச்சா அது இன்னொண்ண வெடிக்க வெக்கணும்."

"மருந்து வெக்கிற மாரி" என்றீர்கள். மாமா சுரங்கத்தில் பாறைக்கு வெடிமருந்து வைத்தவர். உங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. உருண்டைகள் வந்து விழும் நடுவரிசைக்கு, சுரங்கத்துக்குள் ஆள் இறங்கும் குழியைப் போல, நீங்களே ஷாஃப்ட் என்று பெயர் வைத்தீர்கள். "ஷாஃப்ட்ட அடைச்சா செத்தோம், அவ்ளோதானே?" அவ்வளவுதான். இந்த ஆட்டத்தில் முதலில் கற்க வேண்டியதே அதுதான், நடுவை உயரவிடாமல் வைத்திருப்பது.

ஆடும்போது எதிராளியான என் பாதியையும் பார்க்கணும் என்று நான் சொல்லித் தர நினைத்திருந்தேன். அது உங்களுக்குப் பிறவியிலேயே வந்தது. நான் பெரிதாக அடுக்குவதைப் பார்த்தால், உங்கள் அடுக்கை நிறுத்திவிட்டுச் சின்னதாக இரண்டு வெடி வைத்து என் மேல் கல்லைக் கொட்டுவீர்கள். "நீ மாளிக கட்டு, நான் மண்ணப் போடறேன்டீ" என்று சிரிப்பீர்கள். ஆடும்போது மட்டும் என்னை "டீ" என்று கூப்பிடுவீர்கள். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் கால் கட்டைவிரலால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "கரண்ட் பூட்ச்சி" என்பீர்கள். ஃபேன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்புறம் எனக்கு அந்த வேலை வந்தது. பெங்களூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில், வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. உங்கள் மகன், "அம்மா சொன்னா சரி" என்று நழுவிக்கொண்டார். நீங்கள் முடியாது என்றீர்கள். நான் கத்தினேன். நீங்கள் என்னை விடச் சத்தமாகக் கத்தினீர்கள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்ததும், ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து நீங்களே டிவியைப் போட்டீர்கள்.

"வா. மூணு ஆட்டம். நீ ஜெயிச்சா போ. நான் ஜெயிச்சா இந்தப் பேச்சு இந்த வூட்ல வரக்கூடாது."

முதல் ஆட்டத்தில் என்னைக் கல்லாலேயே மூடினீர்கள். இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் என் பாதி கழுத்து வரைக்கும் ஏறிவிட்டது. வழக்கம்போல் சின்னதாகக் கொட்டி என்னை முடித்திருக்கலாம். ஆனால் உங்களுக்குப் பேராசை. ஒரே வெடியில் என்னை ஒழிக்க இன்னும் இன்னும் அடுக்கினீர்கள். ஒரு சிவப்புக்காகக் காத்திருந்தீர்கள். அது எனக்கு முதலில் வந்தது. நீங்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து நான் திருடிய அடுக்கு அது. சிவப்பை வைத்ததும் அது வரிசையாக வெடித்து, கொட்டிய கல் உங்கள் ஷாஃப்டை அடைத்தது. பிளக்கைத் தேடிய உங்கள் காலை நான் முன்பே என் முழங்காலால் மறித்திருந்தேன்.

கன்ட்ரோலரைச் சுவரில் எறிந்தீர்கள். இரவு சாப்பிடவில்லை. காலையில் நான் ரயிலுக்குக் கிளம்பும்போது சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். ஆனாலும் தடுக்கவில்லை. வாக்கைக் காப்பாற்றினீர்கள்.

அதை வெளியில் யாரிடமாவது சொல்லியிருக்கலாமே அத்தை! தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "நான் எங்க அனுப்ச்சேன், அவளே போறா" என்றீர்கள். தோற்றேன் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு ஆடிக்கொண்டே ஊருக்கெல்லாம் என்னை அடங்காதவள் ஆக்கினீர்கள். ஒரு நாள் முற்பகலில் நீங்கள் அடுப்படியில் விழுந்தபோது ஸ்டெல்லா அக்காதான் பார்த்துத் தூக்கினார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, பக்கத்தில் யார் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அது யார் காதிலும் ஏறவில்லை. மருமகள் வேலைக்குப் போனதால் மாமியார் செத்தாள். ஒரு வருஷமாக இதே பேச்சு. இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்கள் படத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

நேற்றுப் பந்தியிலும் உங்கள் மகள் ஆரம்பித்தார். "அம்மா தனியா கெடந்து வுழுந்துச்சி. இவ மட்டும் வூட்ல இருந்திருந்தா..."

பாயச வாளியைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், பந்தயத்தை, மூன்று ஆட்டத்தை, பிளக்கைக்கூட. எல்லோரும் கேட்டார்கள். உங்கள் மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா மனசு அப்பிடி. மருமவ ஆசப்படறாளேன்னு வுட்டுக் குட்த்திருக்கும்."

பந்தி முழுக்கத் தலையாட்டியது. குழந்தை இல்லாததைச் சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு எரியவில்லை.

"அத்த எனக்கு எதையும் வுட்டுக் குடுத்ததில்ல, உப்பு டப்பாவக்கூட. அவங்க ஜெயிக்கத்தான் ஆடுனாங்க. நான்தான் ஜெயிச்சேன்."

உங்கள் மகன் இலையிலிருந்து தலையைத் தூக்கினார். "ஆமாக்கா. அன்னிக்கு நைட்டு அம்மா எங்கிட்டகூடப் பேசல. தோத்த கோவம்." ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது. அதற்காக அவரோடு நான் இன்னும் பேசவில்லை.

மாலை போட்ட படத்துக்குள் இருக்கும் அந்தச் சாந்தமான அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களே வைத்துக்கொள்ளட்டும். என்னோடு மல்லுக்கு நின்று, ஏமாற்றி, திட்டி, என்னைச் சமமான எதிராளியாக மதித்துத் தோற்ற ஒருத்தியை நான் வைத்திருக்கிறேன். அவளோடு எனக்குச் சண்டை இன்னும் தீரவில்லை. தீர்த்துக்கொள்ள எனக்கு மனமும் இல்லை.