கறிக்கொட்டகையில் தொங்கிய தடுப்பூசி

ஜனவரி 14
கணவாயில் பனிப்புயல். தடுப்பூசி மருந்துப் பெட்டியோடு கிளம்பிய டிரைவர் குபத் வந்து சேரவில்லை. தாய்மார்கள் நான் நர்ஸாக இருக்கும் ஊர் மருத்துவ நிலையத்தில் இருட்டும்வரை காத்திருந்து போனார்கள். சைராகுல் கடைசியாகப் போனாள். முதல் பிள்ளையைக் கக்குவான் இருமலுக்குப் பறிகொடுத்தவள். இரண்டாவதை மார்போடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஜனவரி 15
பெட்டி வந்தது. மருந்து உறைந்தால் காட்டிக்கொடுக்கும் அட்டையில் பெருக்கல் குறி!

குபத் ராத்திரி தங்கியது கணவாய்க்குக் கீழே என் மூத்தார் வீட்டில். விருந்தாளிக்கு ஆடு அடித்தாராம். மருந்து சூடாகக் கூடாது என்று இவன் சொல்ல, அவர் குப்பிகளை அட்டையோடு பெட்டியிலிருந்து எடுத்துக் கறிக்கொட்டகையில், குளிர்காலத்துக் குதிரைக்கறிக்குப் பக்கத்தில், பையில் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். வீட்டிலேயே குளிர்ந்த இடமாம். கறி கல்லாய்க் கிடக்கும் இடம்! உறையவும் கூடாது என்று சொல்ல இந்தத் தடியனுக்கு வாயில்லை, தின்ன மட்டும் இருந்தது.

குப்பியைக் குலுக்கி வைத்தேன். திரிந்த பால் மாதிரி அடியில் இறங்கிவிட்டது.

மாவட்ட டாக்டர் கெனெஷுக்குப் போன் செய்தேன். "போட்டுடும்மா. எந்தத் தாய் குப்பிய குலுக்கிப் பாக்கப் போறா?" என்றார்.

போடவில்லை. எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். சைராகுல் பிள்ளையை மறுபடி மார்போடு கட்டிக்கொண்டு பனியில் இறங்கினாள்.

ஜனவரி 17
அண்ணன் நல்லதுக்குத்தான் செய்தார், அவரிடம் வாயைத் திறக்காதே என்கிறார் என் கணவர். நல்லதாம்! மூத்தார் பெயரைத் தம்பி மனைவி சொல்லக் கூடாது, எதிரே நின்று பேசக் கூடாது. எத்தனை வருஷம் இப்படி? இங்கேயாவது எழுதுகிறேன். ஒமுர்சாக். ஒமுர்சாக். ஒமுர்சாக்.

ஜனவரி 18
கீழ்த்தெருவில் ஒரு குழந்தைக்கு இருமல்.

ஜனவரி 20
மூத்தார் வீட்டுக்கே போய்விட்டேன். ரொட்டியை என் பக்கம் நகர்த்தினார். தொடவில்லை. எங்கள் பக்கம் அது வீட்டுக்காரரை அவமதிப்பது. குப்பியைக் குலுக்கி விரிப்பின்மேல் வைத்தேன்.

"பாருங்க. குளிர்ல செத்துப்போச்சு. சைராகுல் புள்ளைக்கு இருமல் வந்தா, அது உங்க கொட்டகையில இருந்து வந்ததுதான்."

அவர் மனைவி கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். மூத்தார் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் என்னோடு பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும்.

பிப்ரவரி 2
புது மருந்து வந்துவிட்டது. வண்டி கணவாய் ஏறவில்லை. பெட்டியைக் கம்பளியில் சுற்றி மூத்தாரே குதிரையில் கொண்டுவந்தார். வழியில் எந்த வீட்டிலும் இறங்கவில்லையாம், ஒரு துண்டு ரொட்டி கூடப் பிட்டு வாயில் போடவில்லையாம். அந்த வீட்டுக்காரர்கள் இனி இவர் முகத்தில் முழிக்க மாட்டார்கள்.

ஒரு வாசலில் மட்டும் நின்றிருக்கிறார். குதிரையில் அவருக்குப் பின்னால் பிள்ளையோடு சைராகுல்.

"என் தப்பாலதான் கெட்டுப்போச்சு, தம்பி பொண்டாட்டி மேல தப்பில்லன்னு வாசல்ல நின்னு சொன்னாரு அக்கா," என்றாள்.

அட்டையில் சரிக்குறி. பிள்ளை ஊசிக்கு வீரிட்டு அழுதது. மூத்தார் முற்றத்தில் முதுகைக் காட்டி நின்றார். ரொட்டியும் டீயும் கொண்டுபோய் வைத்தேன். அப்போதுதான் சாப்பிட்டார்.

மேலே 17ஆம் தேதி எழுதிய அவர் பெயரை மூன்று இடத்திலும் அடித்துவிட்டேன். டாக்டர் பெயர் அப்படியே இருக்கட்டும்.