இது நம் வீட்டுச் சாவி இல்லை

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை, என் கண்தான் சாவி வெட்டும்போது மக்கர் பண்ணுகிறது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். போரில் காணாமல் போன உன் அண்ணன் பதினெட்டு வருஷம் கழித்துக் கிடைத்துவிட்டான் கண்ணு. டி.என்.ஏ. சோதனைக்கு நீ அனுப்பிய எச்சில், இப்போது தோண்டியெடுத்த எலும்போடு பொருந்திவிட்டதாம். சந்தோஷப்படுவதா அழுவதா, எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ராணுவ அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணனுக்குத் தனிக் கல்லறை வைப்பார்களாம், அதனால் நினைவுச் சுவரிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடுவார்களாம். அந்தச் சுவர் கல்லறை இல்லாதவர்களுக்கு மட்டும்தானாம். அதற்கு நான் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மாசாமாசம் அம்மா ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அந்த ஒரு வரி மட்டும் பளிச்சென்று இருக்குமே, அது போய்விட்டால் இவள் எதைத் துடைப்பாள்? இருந்தாலும் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அதிகாரி, அவனோடு கிடைத்தது என்று துருப்பிடித்த ஒரு சாவியை நீட்டினார். முப்பது வருஷமாகப் பூட்டுக்கடை வைத்திருப்பவனுக்குத் தன் வீட்டுச் சாவி தெரியாதா? நம்முடையதில் ஐந்து பல், இதில் நாலுதான். இது எங்க வீட்டுச் சாவி இல்ல சார், அப்ப இது எங்க பையனும் இல்ல என்று சொல்லி எழுந்துவிட்டேன். நல்ல மனுஷன், நிதானமாகப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் உன் அம்மா வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதன் அளவைப் பார்த்துக் கடையில் புதுச் சாவி ஒன்று வெட்டினேன். வாசல், கொல்லை, அலமாரி, அவனுடைய பழைய பெட்டி, எதிலும் சேரவில்லை. நேற்று தையற்கார அக்கா வந்தார்கள். அவர்கள் மகனும் அண்ணனோடு அதே நாளில் காணாமல் போனவன்தானே, சுவரில் அண்ணனுக்கு அடுத்த பெயர். கதையைக் கேட்டுவிட்டுப் புதுச் சாவியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நடந்தார்கள். செருப்புக்கூடப் போடாமல் நானும் பின்னால் ஓடினேன். பூட்டில் விட்டுத் திருப்பினார்கள், திறந்துகொண்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். என் புள்ள சாவிய உங்க புள்ள எதுக்கு வச்சிருந்தான் என்று கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும்? முதலில் வீடு திரும்புகிறவன் மற்றவன் வீட்டுக்கும் போய்ச் சொல்லட்டும் என்று சாவியை மாற்றிக்கொண்டார்களோ, அவசரத்தில் ஒருவன் சட்டையை ஒருவன் மாட்டிக்கொண்டானோ. யோசித்தால் தலை சுற்றுகிறது. ஆனால் எலும்பு பொய் சொல்லாது, நம் பிள்ளைதான், அது மட்டும் நிச்சயம். காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

என் புள்ள இனிமே அந்தச் சுவத்துல தனியா என்று அக்கா அழுதார்கள். அவன் பெயரை இனி நான் துடைக்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

கல்லறை வைக்கும் நாளுக்கு லீவு போட்டு வந்துவிடு. குட்டிக்கு முத்தம், உங்கள் எல்லோருக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே, வாசல் பூட்டு சிக்குகிறது, மாற்றுங்கள் என்று வரும்போதெல்லாம் சண்டை போடுவாயே, இனி அதைக் கேட்காதே. நம் வீட்டுச் சாவி அக்காவின் பையனிடம் இருக்கிறது.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா