அப்பாவின் ஜன்னலுக்கு எதிரே ஒரு சிறகு

மார்ச் 4
வந்துடுச்சு! சிற்பி அக்காவோட ‘சிறகு’ எங்க பூங்காவுக்கே, அதுவும் எங்க வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரிலேயே வந்துடுச்சு!

அவருடைய வீடியோக்களைப் பார்த்துத்தான் நான் வெல்டிங்கே கற்றேன். துளை போட்ட இரும்புக் குழாய்கள், விரித்த சிறகு மாதிரி. காற்று புகுந்ததும் ஊஊ என்று பாடியது. பதிவு செய்து இணையத்தில் போட்டுவிட்டேன்.

மார்ச் 9
மதியக் காற்றுக்குத்தான் பிரமாதமாகப் பாடுகிறது. வீட்டுக்குள் ஓடிவந்தால், அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரவு பஸ் ஓட்டுபவருக்குப் பகலில்தான் தூக்கம்.

“என்னம்மா, உன் சிறகு ஒப்பாரி வைக்குது?”

“அது பாட்டுப்பா!”

“சரி, ராத்திரி பாடச் சொல்லு. நான் வீட்ல இருக்க மாட்டேன்.”

மார்ச் 15
துளைகளை அடைக்கப் போகிறார்களாம்! எவரோ பூங்காச் செயலாளரிடம் புகார் சொல்லியிருக்கிறார். யாரு அந்தக் காதில்லாத ஜென்மம்? இப்படியே பதிவு போட்டேன். கீழே எல்லாரும் கிழிகிழியென்று கிழிக்கிறார்கள். நல்லா வேணும்.

மார்ச் 16
அப்பாவாம்.

அம்மா சொன்னாள்: “போன வாரம் பஸ் ஓட்டும்போதே கண்ணு சொருகிடுச்சாம்டி. உன்கிட்ட சொன்னா நீ அழுவேன்னுதான் சொல்லல.”

பதிவை அழித்தேன். ஆனா துளையை அடைச்சா அது வெறும் இரும்பு. ஐயோ, நான் என்னதான் பண்றது?

மார்ச் 17
மதியம் அப்பாவை என் அறைக்கு அனுப்பிவிட்டு அவர் கட்டிலில் படுத்தேன். நான் திரும்பத் திரும்பக் கேட்ட அதே பாட்டு. கொஞ்ச நேரத்தில் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டேன்.

மார்ச் 18
சிற்பி அக்காவுக்கே செய்தி அனுப்பினேன். பதில் வந்தது! “நான் கேட்டதே பூங்காவோட அந்தக் கோடியில இருக்கிற குளக்கரையைத்தான்மா. குழாயெல்லாம் கழட்டி மாட்டலாம். ஆள்தான் வேணும்.”

செயலாளர் முனகினார்: “ஆளைக் கூட்டிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்.”

மார்ச் 20
இப்போது போட்ட பதிவு, அப்படியே:

“ஞாயிறு காலை பூங்காவுக்கு வாங்க. ஆளுக்கு ஒரு குழாய் தூக்கினா சிறகு குளக்கரைக்குப் போயிடும். கையுறை எடுத்துட்டு வாங்க. வர்றவங்க கீழே சொல்லுங்க, வராதவங்க பகிருங்க. புகார் சொன்னது எங்க அப்பா. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. ஒண்ணே ஒண்ணு — ஜன்னல் பக்கம் மட்டும் சத்தம் போடாம கழட்டுங்க. ராத்திரி முழுக்க பஸ் ஓட்டிட்டு வந்து தூங்கிட்டிருப்பார்.”